குமுதாவின் கறுப்புத் தண்ணீர்

எங்கள் சாலாக் செலாத்தான் ஃபிளாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "பால்கனியில என்னா நாத்தம்?" பழைய இலை ஊறும் நாற்றம்தான். ஒரு பேசினில் தேத்தண்ணீர் நிறத்தில் தண்ணீர், அடியில் கருஞ்சேறு, அதில் பாதி முங்கிப் பாதி நீட்டிக்கொண்டு ஒரு செடி. பார்க்கக் கெலாடிக் குட்டி மாதிரி, சின்னச் சேப்பங்கிழங்குச் செடிபோல இருக்கும். பிள்ளை இல்லாத வீட்டில் சேற்றுக்குச் சீராட்டு நடக்கிறது என்று என் மனைவி குமுதாவை நானே கிண்டல் அடித்திருக்கிறேன். என் வாய் அப்படி.

மேரு என்ற ஊரில் அவள் வேலை பார்த்த தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சதுப்புக்காடு இருந்தது. அதை மண் கொட்டி மூட லோரிகள் வந்து நின்ற அன்று, சாப்பாட்டு நேரத்தில் சேற்றில் இறங்கி நாலு செடியைப் பிடுங்கிச் சோற்று டப்பாவில் போட்டுக்கொண்டு வந்தாள். மூன்று செத்தன. பைப்புத் தண்ணீரில் உள்ள குளோரின் ஆகவில்லை. மிஞ்சிய ஒன்றுக்காக மழைத் தண்ணீரை வாளி வாளியாகப் பிடித்து வைத்தாள். ஆறு வருஷம் அதைத் தவிர வேறு தண்ணீர் அதன்மேல் படவில்லை.

லோகேஸ்வரி என்ற தாவரவியல் விரிவுரையாளர் ஒருமுறை வந்து பார்த்தார். "ஆன்டி, நாங்க தேடின எடத்துல எங்கயுமே இது இல்ல. உங்ககிட்ட மட்டும்தான் மிச்சம்னு நெனைக்கிறேன். பூ வந்தாதான் என்னா ரகம்னு சொல்ல முடியும். பூத்தா உடனே கால் பண்ணுங்க லா."

சேற்றுக்குள்ளிருந்து மொட்டு தலைகாட்டிய வாரம் குமுதா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன.

"ஏங்க, மொட்டு ஒசந்துடுச்சா?"

"ஒரு விரல் இருக்கு."

"மழைத் தண்ணி மட்டும் ஊத்துங்க. யாரையும் தொட விடாதீங்க. சரின்னு சொல்லுங்க."

"சரி, சரி. எத்தன வாட்டி சொல்வ?" என்றேன். எரிச்சலோடுதான் சொன்னேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. இரண்டே நாளில் போய்விட்டாள்.

சவப்பெட்டி லிஃப்டில் நுழையவில்லை. ஏழு மாடியும் படியில்தான் இறக்க வேண்டும். தோளில் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டும்போது என் அக்கா இராஜம்மா பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, வீட்டுல உள்ள தண்ணிய எல்லாம் கொட்டிக் கழுவிடவா?"

பிணம் வெளியே போனதும் பிடித்து வைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு வீடு கழுவுவது எங்கள் வழக்கம். பானையோ, வாளியோ, ஒரு சொட்டுகூட மிச்சம் வைக்க மாட்டார்கள்.

"கழுவுங்கக்கா," என்றேன்.

செராஸ் மின்சுடலையிலிருந்து திரும்பி வாசலில் கால் கழுவும்போது பிளீச் வாடை அடித்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அந்த இலை நாற்றம் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பால்கனிக்கு ஓடினேன். மழைத் தண்ணீர் வாளிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன.

"அக்கா, செடி எங்க?"

"எந்தச் செடி? அந்த அழுகின சேறா? அதான் பிளீச் ஊத்தி ஊற வெச்சி, பையில கட்டிக் கீழ போட்டாச்சே. ஒத்த ஆளா நீ எப்படிக் கழுவுவன்னு நானே தேச்சேன் தம்பி."

அவர் விரல்கள் பிளீச்சில் வெந்து தோல் உரிந்திருந்தன. திட்டுவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

கீழே குப்பை அறையில் ஆறேழு பைகளைக் கிழித்த பிறகு கிடைத்தது. இலைகள் வெளிறித் துவண்டு கிடந்தன. கிழங்கைத் தொட்டதும் விரலில் கூழாக வந்தது. மொட்டு மட்டும் முழுசாக இருந்தது. நகத்தால் கீறிப் பார்த்தேன். உள்ளே கருஞ்சிவப்பாக இதழ் சுருண்டிருந்தது. இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விரிந்திருக்கும்.

மேலே வந்தேன். குமுதாவின் படத்துக்கு முன்னால் அக்கா விளக்கு ஏற்றியிருந்தார். பக்கத்தில் அந்தப் பேசின், பளபளவென்று, பைப்புத் தண்ணீர் நிரப்பி, மேலே மல்லிகை மிதக்க.

லோகேஸ்வரிக்குப் போன் போட்டேன். என் நம்பரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

"அங்கிள்! பூத்துடுச்சா? ஆன்டி எங்க, போன குடுங்க!"

"கழுவிட்டாங்கம்மா," என்றேன். "நான்தான் கழுவச் சொன்னேன்."