முப்பதில் யாரும் சாகாத ஊர்

கையில் பேனாவோடு எவர் ஊருக்குள் வந்தாலும் எனக்கு ஆகாது. சோழியன் குடுமி சும்மா ஆடுமா? அதனால் சுகிர்தா என்ற அந்தச் சர்வேக்காரப் பெண் பழவேற்காட்டுப் பள்ளிவாசல் ஆபீசுக்கு வந்து, ஊரில் அடக்கமானவர்களின் ரிஜிஸ்தரைக் கேட்டபோது, ஜமாஅத் செயலாளரான நான் அவளை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

அவள் வருவது எனக்கு முன்பே தெரியும். எய்ட்ஸ் வந்த பிறகு ஜில்லாவில் சாவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று கணக்கெடுக்கிறோம் என்று கடிதம் போட்டிருந்தார்கள். கும்மிடிப்பூண்டியில் கல்லறைத் தோட்டம் பார்க்கும் ஜோசப் எனக்குப் பழக்கம். போனில் கேட்டேன்.

"முப்பது, முப்பத்தஞ்சுல போனவங்களத்தான் குறி வெச்சிப் பாக்கறாங்க பாய். அப்பால அந்த ஊட்டுக்கெல்லாம் வருவாங்களோ இன்னாவோ" என்றான்.

என் மகன் யாசர் 2004-இல் மவுத்தானான். வயது முப்பத்தொன்று. சிப்காட்டில் இரும்பு ஆலையில் வேலை பார்த்தவன், ஒன்றரை வருடத்தில் எலும்பும் தோலுமாகிப் போனான். ஊருக்கு டி.பி. என்று சொன்னோம். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் வேறு எழுதியிருந்தது. அதை மருமகள் சிஃபாவுக்குக்கூடக் காட்டாமல் கிழித்துப் போட்டேன். இப்போது இரண்டு மாதமாக அவளுக்கும் விட்டு விட்டுக் காய்ச்சல். டெஸ்ட் என்று யாராவது வாசலில் வந்து நின்றால் தெருவில் தலைகாட்ட முடியுமா? அவள் காய்ச்சலைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது. இன்று சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ரிஜிஸ்தரை வீட்டுக்கு எடுத்துப் போய் யாசரின் 31-ஐ 81 ஆக்கினேன். மூன்றை எட்டாக்க இரண்டு வளைவு போதும். ஒன்றை மட்டும் திருத்தினால் சந்தேகம் வரும் என்று மற்ற முப்பதுகளையும் எட்டாக்கி வைத்தேன். மொத்தம் பதினொரு பேர். அந்த நேரத்தில் என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சுகிர்தா தானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரிஜிஸ்தரிலிருந்து ஒரு பெயரையும் எழுதவில்லை. ஆணா பெண்ணா, வயது, வருடம், அவ்வளவுதான். நான் அவள் பென்சிலையே கண் கொட்டாமல் பார்த்தேன்.

"பேர் வாணாமா?"

"வாணாம் பாய். இன்னா சீக்குன்னு கேட்டா மஞ்சக்காமாலைன்னுவாங்க, டி.பி.ன்னுவாங்க. வயசுல யாரும் பொய் சொல்ல மாட்டாங்க. சின்ன வயசு சாவு முன்ன எவ்ளோ, இப்ப எவ்ளோன்னு பாத்தாலே தெரிஞ்சிடும்."

எனக்கு இருமல் வந்தது.

பாதிப் பக்கத்தில் பென்சில் நின்றது. "இன்னா பாய் இது? உங்க ஊர்ல இருபதுல சாவறாங்க, நாப்பதுல சாவறாங்க. எட்டு வருசத்துல முப்பதுல மட்டும் ஒருத்தரும் சாவல. எம்பதுல வரிசையா போய்க்கினே கீறாங்க."

"கடல் காத்து, ஆயுசு கெட்டி" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ரிஜிஸ்தரை என் பக்கம் திருப்பி ஒரு வரியில் விரலை வைத்தாள். "யாசர், தகப்பனார் ஹபிபுல்லா, வயசு எம்பத்தொண்ணு. எங்க லெட்டருக்குப் பதில் போட்ட ஹபிபுல்லா நீங்கதான? உங்களுக்கு இன்னா வயசு?"

அறுபது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்து மாட்டிக்கொண்டேன். மேலதிகாரிக்கு எழுதிப் போடப்போகிறாள் என்று காத்திருந்தேன்.

"அவரு சம்சாரம் நல்லாகீறாங்களா?" என்றுதான் கேட்டாள்.

அதிலும் ஏதோ சூது என்று தோன்றியது. "அத்தக் கேக்க நீ யாரு?" என்று சீறினேன்.

"நான் யாரும் இல்ல பாய். டெஸ்ட்டுக்கு இட்டுக்கினு போங்க. தாம்பரம் ஆஸ்பத்திரில மாத்திரை சும்மாவே தராங்க. லேட் பண்ணா அதுவும் கேக்காது." அவள் எழுந்துகொண்டாள். "அந்த வயசையெல்லாம் நீங்களே சரி பண்ணி வெயிங்க. நாளைக்கு வரேன்."

வீட்டுக்குப் போனேன். பட்டப்பகலில் சிஃபா போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள். கிழித்த காகிதத்தில் இருந்ததைச் சொன்னேன். ரிஜிஸ்தரில் செய்ததையும் சொன்னேன். "கெளம்பும்மா, தாம்பரம் போலாம்" என்றேன்.

அழுவாள், இல்லை கத்துவாள் என்று நினைத்தேன். அவள் மெல்ல எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு இருபத்தாறு, மாமா. நான் போனா எவ்ளோன்னு எழுதலாம்னு இருந்தீங்க?"