நீலப் பட்டை

காலையில் குளியலறைக் கண்ணாடிக்குக் கீழே எங்கள் இருவரின் சோதனைப் பட்டைகளும் பக்கத்துப் பக்கத்தில் காயும். சிறுநீரில் நனைத்த காகிதம் மஞ்சளானால் அமிலம், நீலமானால் காரத்தன்மை. உடம்பில் அமிலம் குறைய வேண்டும், அதனால் ஈஸ்டர் வரைக்கும் இறைச்சி, காபி, இனிப்பு கிடையாது, அவித்த உருளைக்கிழங்கும் காரத்தன்மையுள்ள பாட்டில் தண்ணீரும்தான் என்று நான்தான் முடிவு செய்தேன். என் கணவன் எக்கார்ட் மறுபேச்சில்லாமல் சம்மதித்தான். நாற்பது வருடத்தில் அவன் அப்படிச் சம்மதித்ததே இல்லை. எனக்கு அன்றைக்கே சந்தேகம் வந்துவிட்டது.

நேற்று அவன் கோட்டில் வெங்காய வாடை. கசாப்புக் கடையில் பன்றிக் கொத்துக்கறியைப் பச்சையாக ரொட்டியில் தடவி, மேலே தூவித் தருவார்களே, அந்த வெங்காயம். இன்று அவன் பட்டையோ கருநீலம்.

"கடைக்குப் போனியா?"

"பட்டையப் பாரு, கெசீனே. நீலமாத்தானே இருக்கு."

எடுத்து மோந்து பார்த்தேன். "உன் மூத்திரம் எப்பருந்து லாவெண்டர் மணக்குது?"

அவன் கண் லாவெண்டர் சோப்புப் பெட்டியில் தேங்கியிருந்த தண்ணீருக்குப் போனது.

"என்னத்தத் தின்னாலும் குடிச்சாலும் ரத்தத்துல அமில, கார அளவு அசையாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு. நுரையீரலும் சிறுநீரகமும் பாத்துக்குமாம். மூத்திரத்துல நிறம் மாறுதுன்னு நான் உருளைக்கிழங்கு தின்னே சாகணுமா?"

"பேச்ச மாத்தாத. ஏமாத்தியிருக்க."

"ஆமா, ஏமாத்துனேன்."

பிறகு அவன் அவசரமே இல்லாமல் என் பட்டையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனான். அதிலும் அதே லாவெண்டர்.

"சீஸ் கேக்கா, கெசீனே?" என்றான்.