பொட்டுக்கு அடியில் ஒரு நம்பர்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் மலர்கொடி கம்ப்யூட்டர் கடை எங்கே என்று கேட்டால், வழி சொல்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்லி அனுப்புவார்கள். மெஷினுக்குள் டீயை ஊற்றிவிட்டு, "ஒண்ணுமே பண்ணலீங்க, தானா நின்னுடுச்சு" என்று வருகிறவர்களிடம் பிறகு எப்படிப் பேசுவதாம்?

குரும்பலூரிலிருந்து ஆட்டோவில் வந்த உண்ணாமலை அப்படி எதுவும் சொல்லவில்லை. பத்து வயது மகள் மேகலா ஒரு பக்கம் பிடிக்க, போர்வையில் சுற்றிய ஒரு பெட்டியை என் மேஜைமேல் இறக்கினார். பிரித்துப் பார்த்தால், இருபது வருஷத்துக்கு முந்திய 286 ரகக் கம்ப்யூட்டர்! இரண்டாயிரத்து ஆறில் அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, இதைப் பழைய இரும்புக்காரன்கூட எடுக்க மாட்டான்."

அவர் சிரிக்கவில்லை. மகளைத் தண்ணீர் பாட்டில் வாங்க அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "இவ அப்பாவோடதுங்க. அரியலூர்ல சிமென்ட் கம்பெனி ஆபீஸ்ல இருந்தாரு. பழைய மெஷினைக் கழிச்சப்ப வாங்கிட்டு வந்தாரு. இவளுக்கு ரெண்டு வயசு இருக்கும்போது பைக்குல போயி அடிபட்டுப் போயிட்டாரு. போன மாசம் ஒரு காதுகுத்துல இவ அத்தக்காரி எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டாங்க, பொட்டப்புள்ளன்னு கேட்டதும் எந்தம்பி மொகமே செத்துப்போச்சுன்னு. வூட்டுக்கு வந்ததுலேருந்து, அப்பாவுக்கு என்னைப் புடிக்காதாம்மான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. நான் சொன்னா நம்ப மாட்டேங்குறா. ரெண்டு பேரும் சேந்து எடுத்த போட்டோகூட ஒண்ணு இல்ல."

"அதுக்கும் இந்தப் பெட்டிக்கும் என்ன?"

"தினமும் வேலை முடிஞ்சு வந்து இதுலதான் புள்ளையப் பத்தி எழுதுவாரு. தமிழையே இங்கிலீஷ் எழுத்துல அடிப்பாரு. எனக்குப் படிக்கத் தெரியாது. அவ பெரியவளாயி அவளே படிக்கட்டும்பாரு."

மேஜையில் அதற்கு இடம் ஒதுக்கினேன். வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

சுவிட்சைப் போட்டால் உயிரே இல்லை. திறந்து பார்த்தேன். போர்டில் பற்றவைத்திருந்த பேட்டரி கசிந்து, சுற்றிலும் பச்சையாகப் பூத்திருந்தது. அதைப் பிடுங்கி, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, மெமரியின் கால்களை ரப்பரால் உரசிச் சுத்தம் செய்து மாட்டினேன். மூன்றாம் நாள் திரையில் எழுத்து வந்தது. ஆனால் ஹார்ட் டிஸ்க் இல்லை என்றது. டிஸ்க் சுற்றுகிற சத்தம் என் காதில் கேட்கிறது, இது இல்லை என்கிறது!

காரணம் எனக்குத் தெரியும். இன்றைய மெஷின்கள் டிஸ்க்கைத் தாமே கண்டுபிடித்துக்கொள்ளும். அந்தக் காலத்து மெஷினுக்கு, இது இன்ன ரகம் என்று நாம்தான் ஒரு நம்பர் கொடுக்க வேண்டும். பேட்டரி செத்ததும் அது நம்பரை மறந்துவிட்டது. அப்போதெல்லாம் மெக்கானிக்குகள் அந்த நம்பரைப் பெட்டியின் முகப்பிலேயே ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுவார்கள். இதிலும் ஒட்டியிருந்தார்கள். ஆனால் அதன்மேல் பாளம் பாளமாகக் காய்ந்து ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். பக்கத்தில் வரிசையாக இன்னும் சில பொட்டுகள், வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு வைத்தவை.

மறுநாள் உண்ணாமலை வந்தபோது, அவர் எதிரிலேயே கத்தியை எடுத்தேன். அவர் பாய்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அதை மட்டும் சொரண்டாதீங்கம்மா. மத்ததெல்லாம் நான் வச்சது. அது அவரு கடைசியா வச்ச பொட்டு. பூஜை முடிஞ்சு பதினெட்டாம் நாள் போயிட்டாரு."

"உங்களுக்குப் பொட்டு வேணுமா, அவரு எழுதுனது வேணுமா?" என்று கத்திவிட்டேன். "ரெண்டும் வேணும்னா நான் எங்கக்கா போறது?"

 அவர் என் கையை விடவில்லை. கடையில் இருந்தவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். சீ, என்ன வாய் இது என்று எனக்கே என்மேல் வெறுப்பாக இருந்தது. "ஞாயித்துக்கெழமை புள்ளையக் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டேன்.

பொட்டைத் தொடாமல், ஒவ்வொரு நம்பராகப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. அந்த மெஷினில் இருப்பது நாற்பத்தாறு நம்பர்கள். தப்பான நம்பரைக் கொடுத்தால் டிஸ்க் திறக்காது, அவ்வளவுதான். செத்த பேட்டரிக்குப் பதிலாக மூன்று பென் டார்ச் செல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஞாயிறு காலை ஒன்றிலிருந்து தொடங்கினேன். நம்பரைப் போடு, மெஷினை நிறுத்து, திரும்ப ஏற்று, மெமரியை எண்ணி முடிக்கிறவரை காத்திரு. இருபதில் கரண்ட் போனது. முப்பதில் வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அந்தப் பெட்டியைத் திட்டினேன். அம்மாவும் மகளும் வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். நாற்பதைப் போட்டதும் டிஸ்க் கரகரவென்று படிக்கத் தொடங்கியது.

"வந்துடுச்சுக்கா!" என்று நான் போட்ட கூச்சலில் மேகலா பயந்து எழுந்துவிட்டாள்.

அவள் பெயரிலேயே ஒரு ஃபைல் இருந்தது. திறந்தேன். அத்தை சொன்னது உண்மையாக இருந்துவிட்டால்? எதற்கும் முதல் வரியை நானே மனத்துக்குள் படித்துப் பார்த்தேன். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து அவளை உட்கார வைத்தேன். அவள் எழுத்துக் கூட்டிச் சத்தமாகப் படித்தாள்.

"பொண்ணு பொறந்துருக்கா. நர்ஸ் கையிலேருந்து நான்தான் மொதல்ல வாங்குனேன். கீழ வைக்க மனசே வரல."

உண்ணாமலை புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மேகலா நிறுத்தவே இல்லை. பல் முளைத்தது, காய்ச்சல் வந்தது, 'ப்பா' என்றது என்று படித்துக்கொண்டே போய், வெகுநேரம் கழித்துக் கடைசிப் பக்கங்களுக்கு வந்தாள்.

"இன்னிக்கு ஆயுத பூஜை. உண்ணாமலை அடுப்படியில சுண்டல் தாளிச்சுக்கிட்டு இருந்தா. பாப்பா வெரலப் புடிச்சு சந்தனத்துலயும் குங்குமத்துலயும் தொட்டுக் குடுத்தேன். ஸ்டிக்கர் மேலயே வச்சுட்டா. நம்பர் மறைஞ்சுடுச்சு. போவட்டும், எனக்குத்தான் மனப்பாடமாச்சே. எம்பொண்ணு வச்ச பொட்டு அப்படியே இருக்கட்டும்."

"அவரு வச்சதுன்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் உண்ணாமலை. அதற்குமேல் அவரால் முடியவில்லை, அழுதுவிட்டார். நான் குனிந்து பார்த்தேன். காய்ந்த சந்தனத்தின் நடுவே குங்குமம் ஒரு மிளகளவுதான் இருந்தது. இரண்டு வயதுப் பிள்ளையின் விரல் நுனி. கத்தியை எடுத்தேனே பாவி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

மேகலா தன் விரலை அதன்மேல் மெதுவாக வைத்துப் பார்த்தாள். இப்போது விரல் பெரிதாகிவிட்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, இதை எங்க அத்தைக்குப் படிச்சுக் காட்டலாமா?"

"கூட்டிட்டு வாடி, தங்கம்" என்றேன். "நீ படி. நான் கதவைச் சாத்திக்கிட்டு நிக்கிறேன், கடைசி வரி வரைக்கும் கேட்டுட்டுத்தான் அவங்க வெளிய போவணும்."