பாலைப்பழம் தின்ற தமையன்மார்

2017ஆம் ஆண்டு ஆவணி மாதம், தீவுக் கிராமமான மண்கும்பானில் பரிமளம் குடியிருந்த வீட்டின் நடுத்தூண் துளிர்த்தது. மரம் வெட்டப்பட்டு அப்போது நூற்றிரண்டு வருடங்கள் ஆகியிருந்தன. தூணுக்கு வேரில்லை, சீமெந்துத் தரையில் ஒரு கல்லின் மேல் நின்றது. பரிமளம் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டு வந்து, ஓர் இலையைக் கிள்ளி முகர்ந்து, பாலைதான் என்று உறுதி செய்துகொண்டு மிச்சக் கோப்பைகளைக் கழுவப் போனார்.

பாலை பிடிவாதமான மரம். வன்னியில் அதைச் செக்குலக்கைக்கும் பாலத்துக்கும் வீட்டுக் கூரை வளைக்கும் போடுவார்கள். தண்ணீரில் போட்டால் கல்லைப் போலத் தாழும். பரிமளத்தின் பாட்டனார் இந்தத் தூணை இரண்டு வள்ளங்களுக்கு நடுவே கட்டித்தான் வன்னியிலிருந்து கடல் கடத்தினார். தச்சர் மூன்று உளிகளை உடைத்துவிட்டு, இனி இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிப் போனார், வரவுமில்லை. தொண்ணூறில் போரால் ஊர் இடம்பெயர்ந்தபோது கதவு, யன்னல், ஓடு, கூரைச் சிலாகை எல்லாம் களவு போயின. தூணை அறுக்க வந்தவர்கள் பல்லுப்போன வாளை அதிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

துளிர்த்த தூண் கூடத்துக்குள்ளேயே கிளைவிட்டது. கூரை வருடத்துக்கு ஒரு சாண் உயர்ந்தது. கிராம சேவகரான விதானையார் வந்து பார்த்தார். மரம் வீட்டின் மேல் விழுந்தால் நிரப்ப அவரிடம் படிவம் இருந்தது. மரம் வீட்டைத் தூக்கினால் நிரப்ப ஒன்றுமில்லை. தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

2019 ஆனியில் அது மஞ்சள் மஞ்சளாய்க் காய்த்துத் தள்ளியது. பாலைப்பழம் நல்ல இனிப்பு, ஆனால் அதன் பால் உதட்டை ஒட்டும். வன்னிப் பழமென்றால் ஒரு மணித்தியாலத்தில் விட்டுவிடும். இது விடவில்லை. முதலில் அகப்பட்டவை காகங்கள். அந்த வருடம் ஆடி அமாவாசைக்குச் சனம் படையல் வைத்துக் கூப்பிட, காகங்கள் ஒட்டிய சொண்டோடு வந்து சோற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பின. மண்கும்பான் பிதிர்கள் பட்டினி கிடந்தார்கள். அதனால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை என்பதையும் ஊர் கவனித்தது. பிறகு, உதட்டில் நல்லெண்ணெய் பூசிக்கொண்டு தின்னும் வன்னிப் பழக்கத்தைப் பரிமளம் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார். அவருக்கு அது இடம்பெயர்ந்திருந்த காலத்தில் படிந்த பழக்கம்.

வீடு அவருக்குச் சீதனமாய் எழுதவென்று வைத்திருந்தது. கலியாணம் நடக்கவில்லை, ஆகவே எழுதப்படவுமில்லை. தாயையும் தகப்பனையும் கடைசிவரை பார்த்ததற்குக் காணி உறுதியில் இடமில்லை. தமையன்மார் இருவருக்கும் அவருக்குமாக அது பொதுவில் கிடந்தது. பெரியவர் பரராசசிங்கம் ரொறன்ரோவில். சின்னவர் ஜெயரூபன் பாரிஸில். இருவரும் எண்பத்தாறிலேயே போனவர்கள், வன்னியைக் கண்டதில்லை. 2023 ஆடியில் இருவரும் வந்தார்கள். கடற்கரையில் ஹோட்டல் கட்ட ஒருவர் காணி கேட்டிருந்தார்.

“உனக்கு ரவுணிலை ஒரு அறை பாத்திருக்கிறம், பரிமளம்,” என்றார் பரராசசிங்கம். “வயசு போன ஆக்களுக்கெண்டே கட்டினது. பாத்ரூம் உள்ளுக்கை.”

“எனக்கு வெளியிலை போறதுதான் பழக்கம், பெரியண்ணை.”

“பழகலாம். நாங்கள் பனியைப் பழகேல்லையோ?” என்றார் ஜெயரூபன்.

பங்கைப் பிரிக்கக் கேட்டு வழக்குப் போட்டால் வீடு எப்படியும் ஏலத்துக்குப் போகுமென்றும், தானாய்க் கையெழுத்து வைத்தால் மரியாதை என்றும் விளக்கினார்கள். அறுபத்தொரு வயதில் ஓர் அறைக்குள் போய் இருப்பதை நினைத்துக்கொண்டு பரிமளம் பழத்தைக் கழுவித் தட்டில் வைத்தார். அவர் உதடு எண்ணெயில் மினுங்கியதைத் தமையன்மார் கண்டார்கள், வெயிலுக்குப் பூசியிருக்கிறாள் என்று எண்ணினார்கள். ஊரார் யாராவது சொல்லியிருக்கலாம். இருவரும் வான் வண்டியின் கண்ணாடியை இறக்காமல் ஊருக்குள் வந்தவர்கள், ஆகையால் ஒருவரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஒரு சுண்டு நிறையத் தின்றார்கள். பரராசசிங்கம் “நல்ல சாமா” என்று தொடங்கினார். அத்தோடு முடிந்தது.

நெய், மண்ணெண்ணெய், வெந்நீர், ஆசுப்பத்திரி எல்லாம் பார்த்தாயிற்று. வாயோரத்தில் ஒரு ஸ்ட்ரோ போகும் இடைவெளி இருந்தது. அதால் கஞ்சி இறங்கியது. மூன்றாம் நாள் உறுதி எழுத வந்த நொத்தாரிசு, விற்கச் சம்மதமா என்று கேட்டார். இருவரும் தலையாட்டினார்கள்.

“தலையாட்டினாக் காணாது. மாடும் ஆட்டும். வாயாலை சொல்லவேணும்.”

ஜெயரூபன் தாளில் பெரிதாக ‘ஓம்’ என்று எழுதிக் காட்டினார்.

“வாய் ஒட்டின ஆக்களை வைச்சு உறுதி முடிச்சா, நாளைக்குக் கோட்டிலை என்னைத்தான் கூட்டிலை ஏத்துவாங்கள்,” என்று சொல்லி நொத்தாரிசு குடையை எடுத்துக்கொண்டு போனார்.

விமானத்துக்கு நாள் வந்தது. கடவுச்சீட்டுப் படத்தில் யாரும் வாய் திறந்திருப்பதில்லை என்பதால் போவதில் சிக்கல் இருக்கவில்லை. ரொறன்ரோவில் பரராசசிங்கம் தலைவராயிருந்த ஊர்ச்சங்கம் பதினொரு வருடத்தில் முதல் தடவையாகக் கணக்கறிக்கையைச் சண்டையில்லாமல் நிறைவேற்றியது. ஜெயரூபனின் மகள் தான் விரும்பிய பொடியனைக் கட்டினாள். தகப்பன் சபையில் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை என்று எல்லோரும் மெச்சினார்கள். இருவரும் மெலிந்தார்கள், சீனி வருத்தம் இறங்கியது.

மாசி மாதம் பரராசசிங்கத்தின் மனைவி சீதேவி தொலைபேசி எடுத்தார்.

“மச்சாள், நீர் அந்த வீட்டிலையே இரும். உம்மடை பேருக்கு எழுதுறதெண்டு பாரிஸ் ஆக்களும் நாங்களும் முடிவெடுத்திட்டம்.”

“பெரியண்ணை என்ன சொன்னவர்?”

“மறுத்து ஒண்டும் சொல்லேல்லை. அட்டோர்ணிப் பத்திரத்திலை கையெழுத்து வைச்சவர். வைக்கேக்கை கொஞ்சம் முழுசினவர், அவ்வளவுதான்.” சீதேவி குரலைத் தாழ்த்தினார். “வேறை ஒரு விசயம். லண்டனிலை இருக்கிற என்ரை தமையன் சுருவில் ஊரிலை உள்ள எங்கடை காணியை விக்கப் போறாராம். ஆனியிலை ஒரு பொதி அனுப்பேலுமோ?”

“எத்தினை பேருக்கு?” என்று கேட்டார் பரிமளம்.