மாப்பிள்ளை கொண்டுவந்த பார்

மகளைப் பளுதூக்கும் பயிற்சியாளருக்குக் கட்டிக்கொடுத்தபோது மல்யுத்த வாத்தியார் மாப்பிள்ளையின் குணத்தை விசாரித்தார், உத்தியோகத்தை விசாரித்தார். கொள்கையை விசாரிக்க மறந்துவிட்டார். மறுமாதமே மாமனாரின் பயிற்சிக்கூடத்தில் நீளமான இரும்பு பார் ஒன்றும் அதற்கான எடை வட்டுகளும் வந்து இறங்கின. ‘மாப்பிள்ளை பார் வெச்சிருக்காராமே’ என்று, விஷயம் தெரியாத சித்தப்பா ஒருவர் போன் செய்து துக்கம் விசாரித்தார்.

“பாரைத் தரையிலேருந்து ஒரே வெடிப்புல தோளுக்கு ஏத்தணும் மாமா. கிளீன்னு பேரு. அந்த வேகம் இடுப்புக்கு வந்துட்டா எதிராளியத் தூக்கிப்போடறது சுலபம்” என்றான் மாப்பிள்ளை.

வாத்தியார் மாப்பிள்ளையை நேராக மறுத்துப் பேசுகிறவர் அல்ல. மகளைப் பார்த்துச் சொன்னார்: “மாப்பிள்ளை சொன்னா சரியாத்தாம்மா இருக்கும். ஆனா அதை ஒழுங்கா கத்துக்கவே வருஷமாகும். அந்த நேரத்துல நாலு பிடி கத்துக்கலாம். பார் சொன்னபடி கெடக்கும். மனுஷன் கெடப்பானா?”

மகளும் மல்யுத்தக்காரிதான்; பிடித்த பிடியை விடாததால் எல்லோரும் அவளை உடும்பு என்பார்கள். மல்யுத்த விரிப்பில் யாருக்கும் அஞ்சாதவள், வீட்டில் மட்டும் மத்தளம் மாதிரி இருபக்கமும் இடி வாங்கினாள். காலையில் அப்பாவிடம் பிடி, சாயங்காலம் கணவனிடம் பார். பாரைத் தோளில் ஏந்தும்போது மணிக்கட்டு பின்னால் மடங்கி உயிர்போனது. அப்பாவிடம் சொன்னால் ‘அப்பவே சொன்னேன்’ என்பார். கணவனிடம் சொன்னால் ‘நுணுக்கம் போதாது’ என்பான். வாயை மூடிக்கொண்டு மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டாள்.

அடுத்த போட்டியில் நடப்புச் சாம்பியனைத் துடைப்பத்தைத் தூக்குவதுபோலத் தூக்கிப்போட்டாள்.

“என்னோட இடுப்புப் பிடி” என்றார் அப்பா.

“அச்சு அசல் கிளீன்” என்றான் கணவன்.

உடைமாற்றும் அறையில் சாம்பியன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எடை கொறைக்கறேன்னு ரெண்டு நாளா தண்ணிகூடக் குடிக்கலக்கா. நிக்கவே முடியல.”

உடும்பு தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வெளியே நடந்த உரிமைப் போரில் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சொன்னாலும் காதில் ஏறியிருக்காது. தவிர, அந்தத் தூக்கு அவளுக்கே பிடித்திருந்தது.

அதற்கடுத்த போட்டிக்குச் சாம்பியன் நன்றாகச் சாப்பிட்டு வந்தாள். இந்த முறை தூக்கிப்போடப்பட்டவள் உடும்பு.

“பாரைத் தொட்டு உடம்பே இறுகிப்போச்சு” என்றார் அப்பா.

“பாரை எங்க மாமா முழுசா தொட்டா?” என்றான் கணவன்.

வெற்றிக்கு இரண்டு தகப்பன்கள், தோல்வி அநாதை. மறுநாள் அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். பாரை வேகமாக நெஞ்சுவரை இழுத்தாள். தோளில் ஏந்தாமல் அப்படியே போட்டுவிட்டாள். இடுப்புக்கு வேகம் கிடைத்தது, மணிக்கட்டு வலிக்கவில்லை.

“கிளீன் பண்றத விட்டுட்டேன்பா” என்றாள் அப்பாவிடம். “பாரை விடலைங்க” என்றாள் கணவனிடம். இரண்டும் உண்மைதான். வீட்டில் அமைதி திரும்பியது. மாமனாரும் மருமகனும் ஒரே சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்தார்கள், தோற்றுப்போன மற்றவருக்காக உள்ளூர இரக்கப்பட்டபடி.

மூன்றாம் முறையும் அதே சாம்பியன். இருவரும் நன்றாகச் சாப்பிட்டிருந்தார்கள். யாரும் யாரையும் தூக்கவில்லை. உடும்பு அவளை நெட்டித் தள்ளிக் கோட்டுக்கு வெளியே விட்டாள், ஒரு புள்ளி. பிறகு அவள் இவளைத் தள்ளினாள். கடைசியில் மறுபடி இவள். கூட்டம் கொட்டாவி விட்டது. ஒரு புள்ளி வித்தியாசத்தில் உடும்பு ஜெயித்தாள்.

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை மாமனாரைப் பார்த்தான்.

“இது எதுல சேத்தி மாப்ள?”

“நான் சொல்லிக் குடுக்கல மாமா.”

“நானும்தான்.”

இருவரும் காபி குடிக்கக் கிளம்பினார்கள். விரிப்பில் நடுவர் அவள் கையை உயர்த்திப் பிடித்தார். அவர் விட்ட பிறகும் அவள் கையை இறக்கவில்லை.