இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் ஒரு நீச்சல் குளம்

கோடை விடுமுறை முடிய ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் பாக்கி இருந்தது. அன்று மாலை நான்கு மணிக்கு என் தங்கை அரைப்படியின் வகுப்புத் தோழிகள் மூன்று பேர் எங்கள் வீட்டு நீச்சல் குளத்தைப் பார்க்க வருவதாக இருந்தது.

எங்கள் வீட்டில் நீச்சல் குளம் கிடையாது.

இதை அரைப்படி வெள்ளிக்கிழமை சாப்பிடும்போதுதான் சொன்னாள், அதுவும் தட்டைப் பார்த்துக்கொண்டு.

"மொட்டை மாடியில இருக்குன்னு சொல்லிட்டேன்."

"எப்ப சொன்ன?" என்றாள் அம்மா.

"லீவு விட்ட அன்னைக்கு."

"அப்போலேர்ந்து ரெண்டு மாசமா என்னடி பண்ணிட்டிருந்த?"

"மறந்துடுவாங்கன்னு பார்த்தேன்."

மற்ற இரண்டு பேர் மறந்திருப்பார்கள். கண்ணாடி மறக்கவில்லை. கண்ணாடி என்பவள் எதையும் தன் கண்ணால் பார்க்காமல் நம்பாதவள். பூமி உருண்டை என்று டீச்சர் சொன்னபோதுகூட, "நீங்க பார்த்தீங்களா மிஸ்?" என்று கேட்டவள். குளம் இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து அரைப்படிக்கு 'புருடா' என்று பெயர் வைப்பதாக அவள் சொல்லியிருந்தாள். அந்த வகுப்பில் ஒரு பெயர் ஒட்டினால் ஒட்டினதுதான். ஒன்றாம் வகுப்பில் ஒரே ஒரு நாள் தூங்கிப்போன பையன், நான்காம் வகுப்பு முடித்த பிறகும் 'தலையணை'தான்.

அரைப்படியின் உதடு பிதுங்கியது. அப்பா திட்டவில்லை. அவர் பிளம்பர். உலகத்தில் எந்தப் பிரச்சினையும் தண்ணீரை எங்கிருந்து எங்கே கொண்டுபோவது என்பதில் வந்து நிற்கும் என்று நம்புகிறவர். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தபடி மென்றுகொண்டிருந்தார்.

"தொட்டின்னா பரவாயில்லையா?" என்றார்.

அவர் வேலை பார்க்கும் ஒரு வீட்டில், வெள்ளைக் குளியல் தொட்டி அலுத்துப்போய்ப் பச்சைக்கு மாறுகிறார்களாம். பழையது பைபர் தொட்டி, ஒரு கீறல்கூட இல்லை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றிருக்கிறார்கள். அதை மொட்டை மாடியில் வைத்து நிரப்பிவிட்டால், குளம் இல்லாவிட்டாலும் குளத்துக்குத் தம்பி.

சனிக்கிழமை மதியம் அந்த வீட்டிலிருந்தே போன் செய்தார். தொட்டியின் நீளம் அறுபத்தோரு அங்குலம். நம் படிக்கட்டு திரும்பும் இடத்தில், சுவரிலிருந்து கைப்பிடிக் கம்பி வரை எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொன்னார். எங்கள் வீடு இரண்டாம் மாடியில். முதல் மாடி ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கீழ் வீட்டில் அத்தை. மூன்றாம் மாடியில் பல் டாக்டர். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் உள்ள திருப்பம்தான் ஆக இடுக்கு. குழாயை மறைப்பதற்காகச் சுவரைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக் கட்டியிருக்கிறார்கள்.

அளப்பதற்கு அம்மாவைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அம்மா தையல்காரி. டேப் எப்போதும் கழுத்தில் மாலையாகக் கிடக்கும். கல்யாணப் போட்டோவிலும் அது இருக்கிறது என்று அப்பா சொல்வார், பொய். அம்மா போய் அளந்தாள், சாக்கட்டியால் கையில் குறித்துக்கொண்டாள், "அறுபத்திரண்டு" என்றாள்.

"ஒரு அங்குலம் மிச்சம். ஜோரா போயிடும்" என்றார் அப்பா.

ஞாயிறு காலை பதினொரு மணிக்குத் தொட்டி வந்தது. அப்பாவும் பல் டாக்டரும் முன்னால், அம்மாவும் நானும் பின்னால். அரைப்படி எங்களுக்கு முன்னால் நடந்து, வழியில் இல்லாத ஆட்களையெல்லாம் விலகச் சொன்னாள். அத்தை தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். அவள் பேருந்து நிலையத்தில் மைக்கில் அறிவிப்பு செய்கிறவள். விடுமுறை நாளிலும் குரலுக்கு விடுமுறை கிடையாது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. மொட்டை மாடி செல்லும் குளியல் தொட்டி, இரண்டாவது மாடியிலிருந்து இன்னும் சற்று நேரத்தில் புறப்படும்."

"அக்கா, சும்மா இரு. சிரிச்சா கை நழுவும்" என்று மேலிருந்து கத்தினார் அப்பா.

திருப்பத்தில் தொட்டியைச் சாய்த்துத் தூக்கி, ஒரு முனையைச் சுவரோடு வைத்து, மறு முனையைக் கம்பிப் பக்கம் இறக்கினோம். இறங்கவில்லை. அப்பா மேலே ஏறி உட்கார்ந்தார். கம்பி 'ங்ங்' என்று வளைந்து கொடுத்தது. தொட்டி பொத்தென்று தரையில் உட்கார்ந்தது. உடனே கம்பி நிமிர்ந்துகொண்டது. எலிப்பொறி மூடின மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு இழுத்தும் வரவில்லை, தள்ளியும் போகவில்லை. டாக்டர் தன் வீட்டுப் பக்கம் மாட்டிக்கொண்டார், நாங்கள் எங்கள் பக்கம்.

அப்பா அம்மாவின் கழுத்திலிருந்து டேப்பை உருவி, இடத்தை அளந்தார். இரண்டு தடவை அளந்தார்.

"இது அறுபதுதானே இருக்கு?"

"ஆமா, அறுபதுதான்" என்றாள் அம்மா.

"நீ அறுபத்திரண்டுன்னு சொன்னியே?"

"ரெண்டு அங்குலம் சேர்த்துச் சொன்னேன். எப்பவும் சேர்ப்பேன்ல, வளர்ற பிள்ளைங்களுக்கு."

அப்பா சுவரைப் பார்த்தார், கம்பியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.

"படிக்கட்டு வளருமா?"

"கை பழகிடுச்சுங்க. அளக்குறப்ப வாய் தானா கூட்டிடுது" என்ற அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்து, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் தும்மினாள்.

நான் எங்கள் பக்கத்துப் படியில் உட்கார்ந்து என் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்துக்குப் பக்கம் பனி கொட்டுகிற கதை அது. வெயில் காலத்துக்கென்றே மிச்சம் வைத்திருந்தேன். ஒரு வரி படிப்பதற்குள் அரைப்படி வந்து ஒட்டி உட்கார்ந்தாள்.

"அக்கா, புருடாங்கிறது கேக்க ரொம்ப மோசமாவா இருக்கு?"

"பழகிடும்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்துத்தான் அப்பா எழுந்தார். "மேல போகலைன்னா என்ன? தண்ணி இங்க வரட்டும்."

எங்கள் சமையலறைக் குழாயில் ஹோஸை மாட்டி, வாசல் வழியாகப் படியேற்றித் தொட்டிக்குள் விட்டார். தண்ணீர் ஒரு பக்கம் வந்தது, தொட்டியின் அடி ஓட்டை வழியாக மறு பக்கம் போனது. மூடி பழைய வீட்டிலேயே தங்கிவிட்டது. அப்பாவின் பையில் நாற்பது வகை வாஷர் இருந்தது. அந்த ஓட்டைக்குப் பொருந்துவது ஒன்றுகூட இல்லை.

"கொஞ்சம் இருங்க சார்" என்று மேலே போன டாக்டர், ஒரு கிண்ணத்தில் ரோஸ் நிறப் பசையைக் கலக்கிக்கொண்டே வந்தார். பல்லுக்கு அளவெடுக்கிற பசை. நோயாளி அதைக் கடித்தால் இரண்டு நிமிடத்தில் ரப்பர் மாதிரி இறுகிவிடும். அதை ஓட்டைக்குள் அப்பி, கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்தார்.

"என் அளவுல ரெண்டு அங்குலமெல்லாம் கிடையாதும்மா" என்றார் அம்மாவைப் பார்த்து. அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு சொட்டு ஒழுகவில்லை. மூன்றரை மணிக்குத் தொட்டி நிறைந்தது. ஆனால் பார்க்க அது தொட்டி மாதிரியேதான் இருந்தது. அடியில் அந்த ரோஸ் உருண்டை வேறு பளிச்சென்று தெரிந்தது.

"அடி தெரிஞ்சாத்தானே ஆழம் தெரியும்" என்ற அம்மா, செய்த தப்புக்குப் பரிகாரமாகத் தலைக்குப் போடுகிற ஷாம்பூ பாட்டிலை முழுசாகக் கவிழ்த்து, துடுப்பு போடுகிற மாதிரி கையால் அடித்தாள். நுரை முழங்கால் உயரத்துக்கு எழும்பியது.

நான்கு மணிக்குக் கீழே அத்தையின் குரல் கேட்டது. "நீச்சல் குளம் செல்லும் பயணிகள் மூவர் வந்துள்ளனர். இவர்களில் ஒருவர் கண்ணாடி அணிந்துள்ளார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்."

அரைப்படி என் கையைப் பிடித்தாள்.

கண்ணாடி படியேறி வந்தாள். இடுப்பில் கை வைத்தாள். தொட்டியைச் சுற்றிவர வழியில்லாததால் நின்ற இடத்திலிருந்தே மூன்று பக்கமும் எட்டிப் பார்த்தாள்.

"மொட்டை மாடின்னு சொன்ன."

"போற வழியில இருக்கு" என்றாள் அரைப்படி.

"இது தொட்டி."

"சின்னக் குளம்."

"எங்க வீட்லயும் இருக்கு இது. நாங்க இதைக் குளம்னா சொல்றோம்? நீ சொன்னது புரு—"

அந்தச் சொல் முழுசாக வெளியே வருவதற்குள் மேலேயிருந்து டாக்டர் இறங்கினார். தன் பசை நிற்கிறதா என்று பார்க்க வந்திருக்கிறார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, தொட்டி விளிம்பில் ஒரு காலை வைத்தார். விளிம்பெல்லாம் நுரை. கால் ஒரு பக்கம் போனது, டாக்டர் இன்னொரு பக்கம் போனார். நாலாபுறமும் தண்ணீர் எகிறி அடங்கியபோது, தொட்டிக்குள் கழுத்தளவு நுரையில், சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார். செருப்பை மட்டும் நனையவிடாமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தார்.

"தண்ணி இதமாத்தான் இருக்கு" என்றார்.

முதலில் சிரித்தது கண்ணாடிதான். அவள் அப்படிச் சிரிப்பாள் என்று யாரும் நினைத்ததில்லை. விக்கலும் சிரிப்புமாகக் குனிந்து குனிந்து சிரித்தாள். மூன்றாவது குனிவில் மூக்குக் கண்ணாடி கழன்று நுரைக்குள் விழுந்தது.

டாக்டர் எழுந்து வெளியே வந்து தேடினார். அப்பா கைவிட்டுத் துழாவினார். நுரை அள்ள அள்ள வந்ததே தவிர, மூக்குக் கண்ணாடி வரவில்லை. "ரெண்டு பேரும் தள்ளுங்க, உடைச்சிடுவீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியே உள்ளே இறங்கினாள். மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கினாள். அரைப்படியும் குதித்தாள். இரண்டு பேரும் உள்ளே என்ன செய்தார்கள் என்று தெரியவில்லை. மேலே நுரை மட்டும் அங்கேயும் இங்கேயும் நகர்ந்தது. இரண்டு முங்கல், மூன்று முங்கல். நான்காவதில் அரைப்படி மூக்குக் கண்ணாடியோடு எழுந்தாள். தலையில் ஒரு நுரைக் கொண்டை.

கண்ணாடி அதை வாங்கி மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் யோசித்தாள். அரைப்படி மூச்சு விடவில்லை. அதற்கும் முங்கியதற்கும் சம்பந்தம் இல்லை.

"எங்க வீட்டுத் தொட்டியில ஒரு சாமான் விழுந்தா உடனே கிடைச்சிடும்" என்றாள் கண்ணாடி. "மூணு தடவை முங்கியும் கிடைக்கலைன்னா குளம்தான்."

அரைப்படி என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஒரு குட்டு இருந்தது. வாங்கிக்கொண்டேன்.

அதற்கப்புறம் மற்ற இரண்டு பேரும் குதித்தார்கள். அம்மா தர்பூசணி அறுத்துக் கொண்டுவந்தாள். ஒவ்வொரு துண்டும் தேவைக்கு இரண்டு அங்குலம் பெரிதாக இருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. பெரியவர்களும் நானும் தொட்டியைத் தாண்டிப் போய், மேல்படிகளில் வரிசையாக உட்கார்ந்து கால்களைத் தொட்டிக்குள் விட்டுக்கொண்டோம். அத்தையும் மேலே வந்து சேர்ந்தாள். ஜன்னல் வழியாக வந்த சாயங்கால வெயில் நுரையில் பட்டு, சுவரெல்லாம் சின்னச் சின்ன வெளிச்சமாக ஆடியது. யார் கால் யாருடையது என்று தெரியவில்லை. டாக்டர் ஒரு தடவை என் காலைச் சொரிந்துவிட்டு, "இது என்னுதில்லையா?" என்றார்.

ஆறு மணிக்குத் தொட்டியைக் காலிசெய்து படியைத் திறந்துவிட வேண்டியிருந்தது. ஆனால் பசை ஓட்டையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது. டாக்டர் மேலே போய்ப் பல் பிடுங்குகிற குறடை எடுத்துவந்தார். ஒரு காலை விளிம்பில் ஊன்றி, கையைத் தோள் வரை உள்ளே விட்டார்.

"வாயை நல்லாத் திறங்க" என்றார் தொட்டியிடம், பழக்கத்தில்.

ஒரு திருகு, ஒரு இழுப்பு. ரோஸ் உருண்டை வேரோடு வந்தது. தண்ணீர் படியிறங்கியது. இரண்டாம் மாடி, முதல் மாடி, கீழ் வீடு என்று நுரையும் தண்ணீரும் படிக்குப் படி குதித்து ஓட, நான்கு சிறுமிகளும் கூடவே ஓடினார்கள். அத்தை கம்பியில் சாய்ந்துகொண்டு, "நீர்வீழ்ச்சி எந்த நிறுத்தத்திலும் நிற்காது" என்று அறிவித்தாள். தன் வாசல் மிதியடி தெருவரை மிதந்துபோனது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அப்பா தொட்டியை ஒரு கையால் அசைத்துப் பார்த்தார். ஷாம்பூவில் ஊறிய விளிம்பு வழுக்கிக்கொண்டு மேலே எழும்பியது. காலையில் நான்கு பேர் இழுத்து வராதது. தூக்கிக்கொண்டுபோய் மொட்டை மாடியில் வைத்துவிட்டு, எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம்.

"இங்க வச்சா வெறும் தொட்டியாத்தான் தெரியுது" என்றாள் கண்ணாடி.

அப்பா தொட்டிக்குள் படுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மாலை அரைப்படி பள்ளிக்கூடத்திலிருந்து வந்தபோது முகம் சரியாக இல்லை.

"என்னடி, புருடான்னு பேர் வச்சுட்டாங்களா?" என்றாள் அம்மா.

"எனக்கு வைக்கலை. கண்ணாடிக்கு வச்சுட்டாங்க."

கண்ணாடி, பார்த்ததைப் பார்த்தபடியே வகுப்பு முழுவதற்கும் சொல்லியிருக்கிறாள். படிக்கட்டில் குளம், உள்ளே டாக்டர், குறடால் பிடுங்கியதும் மூன்று மாடி அருவி. தலையணை வரைக்கும் எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். வாழ்க்கையில் ஒரு பொய்கூடச் சொல்லாதவள் பெஞ்சில் உட்கார்ந்து அழுதாளாம்.

"அந்த ரோஸ் அடைப்பான் எங்கம்மா? நாளைக்கு எடுத்துட்டுப் போய்க் காட்டணும். நாங்க மூணு பேர் சொல்லியும் யாரும் நம்பலை, அது ஒண்ணுதான் சாட்சி."

அம்மா தையல் மிஷினிலிருந்து நிமிரவில்லை. "அதை நான் ஊசி குத்தி வைக்க எடுத்துக்கிட்டேனே. எவ்வளவு கச்சிதமா நிக்குது தெரியுமா?"

மிஷின் மேலே அது முள்ளம்பன்றி மாதிரி உட்கார்ந்திருந்தது. அரைப்படி தரையில் சம்மணம் போட்டு, அதை மடியில் வைத்து, ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தாள். ஒவ்வொன்றையும் பிடுங்குவதற்கு முன், "வாயை நல்லாத் திறங்க" என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டாள்.