பகிடிக்குச் சொன்னது

இராசமலர் போத்தலில் கொண்டுவந்த தேநீரை மூக்குப்பேணியில் ஊற்றிக் கணவன் கனகலிங்கத்திடம் நீட்டினாள். பனங்கட்டித் துண்டொன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒட்டுசுட்டானுக்கு அப்பால், காடு வெட்டிக் கொடுத்த குடியேற்றத்திட்டத்தில் அது அவர்களுக்கு மூன்றாவது போகம். கனகலிங்கம் சும்மா இருக்கமாட்டான். வாய் ஓய்ந்தால் கால் ஆடும். கால் ஓய்ந்தால் வாய். வயல் வரம்பில் அவனோடு குந்தியிருந்த கூட்டாளிகள் இரண்டு பேரும் அவன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பக்கத்து வயல் ஏரம்பு வந்தார். அவருக்குப் பேச்சுத் திக்கும்.

“த...த...தம்பி, நெ...நெருப்புப்பெட்டி இருக்கோ?”

“இ...இ...இருக்கு அண்ணை,” என்று அவரைப் போலவே திக்கிக் காட்டினான் கனகலிங்கம்.

மற்ற இருவரும் சிரித்தார்கள். அவனுக்கு அது போதவில்லை. “போன கிழமை இவர்தான் ஆனையை முதல் கண்டவர். ‘ஆ’ எண்டு துடங்கினவர். ‘னை’ வாறதுக்குள்ள ஆனை குளத்தில குளிச்சு முடிச்சுப்போட்டுது!”

யானையைக் காண்பவர் கூப்பிட வேண்டும். அடுத்த வயல்காரர் அதைக் கேட்டு அதற்கடுத்த வயலுக்குக் கூப்பிடுவார். அங்கே எல்லோருக்கும் அதுதான் காவல். ஏரம்புவும் கூடச் சிரித்தார். பிறகு திரும்பி நடந்தார்.

“அந்த மனுசன் நெருப்புப்பெட்டியும் வாங்காமப் போகுது, பாத்தீங்களோ?” என்றாள் இராசமலர்.

“பகிடிதானே மலர். நொந்தா அது அவற்ற பாடு. அதுக்கு நானோ பொறுப்பு?”

அவள் பேணியைக் கழுவ வாய்க்காலுக்குப் போனாள்.

சற்று நேரத்தில் ஏரம்பு கைகளை வீசிக்கொண்டு சேற்றுவயலால் ஓடிவந்தார். வாயிலிருந்து சத்தமே இல்லை.

“ஓட்டமும் திக்குதடா!” என்றான் கனகலிங்கம்.

மூவரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்கால் பக்கத்து நாணல் முறிந்தது. தனியன் யானை. இராசமலர் குனிந்திருந்தாள். அவன் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு மூச்சில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு முடிந்தும் கனகலிங்கத்தால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. முற்றத்துக்கும் வாய்க்காலுக்குமாக நடந்தான். அந்த இரண்டு பேரும் பின்னாலேயே வந்தார்கள்.

“அந்தாள் ஒரு சத்தம் வைச்சிருந்தா அக்கா தப்பியிருப்பா,” என்றான் ஒருவன்.

அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்தவன்போலக் கனகலிங்கம் ஏரம்புவின் வளவுக்குள் புகுந்தான். அவருடைய சால்வையைப் பிடித்து உலுக்கினான்.

“ஏன் கூப்பிடேல்லை? ஏன்?”

ஏரம்பு விலகவில்லை. “வா...வாயைத் திறந்தனான் தம்பி. நீ...நீங்கள் சிரிக்கிறது கா...காதுக்க கேட்டுது. ஓ...ஓடிவந்து சொல்லுவம் எண்டு நி...நினைச்சன். ம...மலர்ப் பிள்ளையைச் சாக விட்டிட்டன்.”

கனகலிங்கத்தின் பிடி தளர்ந்தது.

“கதையைப் பார்!” என்றான் பின்னால் நின்றவன்.

“பேசாம இரடா! அவர் விடேல்லை. அவற்ற வாயை அடைச்சது நான். நீங்கள் கூடச் சிரிச்சனீங்கள். நொந்தா அது அவற்ற பாடு எண்டு மலருக்குச் சொன்னனான். அது பிழையான கதை. நாங்கள் நோகப்பண்ணின மனத்துக்கு நாங்கள்தான் பொறுப்பு. பகிடிக்குச் சொன்னதெண்டு தப்பேலாது.”

ஏரம்பு ஒரு கதிரையை இழுத்துப் போட்டார். அவன் அதில் உட்காரவில்லை. திரும்பவும் வயலுக்கு நடந்தான்.

அன்று வியாழக்கிழமை, அவனுடைய வயலுக்கு நீர்ப்பாய்ச்சல் முறை. மலர் பேணி கழுவக் குனிந்த வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.